கடிதத்தில் பெயர் இருந்தால் போதுமா?

ஏற்காட்டுத் தோட்டங்களில் மிளகுப் பறிப்பு முடிந்து மூட்டைகள் மலையிறங்கும் நாட்களில், நம் உறுப்பினர் ஒருவருக்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது. பல ஆண்டுகளாகச் சரக்கு தரும் தோட்டத்தின் பெயர், அதே முகவரி. “வங்கிக் கணக்கை மாற்றிவிட்டோம், பாக்கியை இந்தப் புதிய கணக்கில் செலுத்தவும்” என்று எழுதியிருந்தது. பணம் கட்டுமுன் நம்மவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்தார். “நாங்க அப்படி எதுவும் எழுதலைங்களே!” என்றார் அவர். ஒரு பருவத்தின் கொள்முதல் பணம் அந்த ஒரு அழைப்பால் தப்பியது.

தோட்டத்தின் முகவரியை வேறொருவன் எப்படிப் பயன்படுத்தினான்? தபால் உறையில் அனுப்புநர் பெயரை யாரும் எழுதிவிடலாம் அல்லவா? மின்னஞ்சலும் அப்படியேதான் பிறந்தது. பெயரைச் சரிபார்க்கும் ஏற்பாடுகள் பின்னரே சேர்க்கப்பட்டன. அவற்றை நடைமுறைப்படுத்துவது, தபால் நிலையத்தின் வேலையைக் கணிப்பொறியில் செய்யும் அஞ்சல் மென்பொருள். ஐ.பி.எம். நிறுவனத்தில் வீட்சே வெனெமா எழுதி 1998-ல் வெளிவந்த ‘போஸ்ட்ஃபிக்ஸ்’ மடல்களை வாங்கி அனுப்பும். ‘டவ்காட்’ அவற்றைப் பெட்டியில் வைத்து, நாம் கேட்கும்போது எடுத்துத் தரும். கடைப் பெயரில் சொந்த இணைய முகவரி வைத்திருக்கும் வணிகர்களில் பலருடைய மடல்கள், அவர்கள் அறியாமலே இவற்றின் வழியாகத்தான் போய்வருகின்றன.

சேலத்திலிருந்து மலையேறும் வண்டியை அடிவாரச் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பார்ப்பதுபோல, மடலையும் மூன்று விதமாகச் சோதிக்கலாம். முதலாவது ‘எஸ்.பி.எஃப்.’: எங்கள் சரக்கை ஏற்றிவர உரிமையுள்ள வண்டிகள் இவைதாம் என்று நாம் முன்கூட்டியே வெளியிடும் பட்டியல். இரண்டாவது ‘டி.கே.ஐ.எம்.’: மூட்டை வாயில் வைக்கும் அரக்கு முத்திரை, வழியில் யாராவது பிரித்து மாற்றினால் தெரிந்துவிடும். மூன்றாவது ‘டிமார்க்’: பட்டியலும் முத்திரையும் நம் பெயரோடு பொருந்தாவிட்டால் மடலை விட்டுவிடுவதா, தனியே ஒதுக்குவதா, திருப்பி அனுப்புவதா என்று நாம் கொடுக்கும் உத்தரவு. இம்மூன்றும் நம் இணைய முகவரியின் பதிவேட்டில் எழுதப்படும் சில வரிகளே. அதற்கெனத் தனிக் கட்டணம் ஏதும் இல்லை. முத்திரையை மட்டும் அஞ்சல் மென்பொருளிலும் அமைக்க வேண்டும்.

இனி இது விருப்பப்பட்டால் செய்யும் வேலையல்ல. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் விதியைக் கடுமையாக்கின. தங்களுக்கு மடல் அனுப்புவோர் அனைவரும் முதலிரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். ஜிமெயில் பெட்டிகளுக்கு ஒரே நாளில் 5,000 மடலுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றுமே கட்டாயம். ஆகவே நாம் அனுப்பும் விலைப்பட்டியல் வாடிக்கையாளரைச் சேரவில்லையெனில், அவர் பார்க்கவில்லை என்று வருந்துமுன் நம் பதிவேட்டைப் பார்ப்பது நலம்.

சோதனையை ஏமாற்றும் வழியொன்றும் 2023 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. மடல் முடிந்தது என்பதற்குத் தனி வரியில் ஒரு புள்ளி வைப்பது அஞ்சல் வழக்கம். அந்த வரி எப்படி முடியவேண்டும் என்பதை எல்லா மென்பொருள்களும் ஒரே கண்டிப்புடன் பார்க்கவில்லை. அந்த இடைவெளியில், ஒரு மடலுக்குள் இன்னொரு மடலை ஒளித்துக் கடத்த முடிந்தது. ஒரே அனுமதிச் சீட்டில் இரண்டு லோடு போவது போன்ற கதைதான். போஸ்ட்ஃபிக்ஸ் உடனே திருத்தம் வெளியிட்டது. 2024-ல் வந்த 3.9 பதிப்பில் இந்தத் தடுப்பு தானாகவே இயங்கும். 3.8.4 போன்ற முந்தைய திருத்தப் பதிப்புகளிலோ, அந்த விருப்பத்தை நாமே இயக்கினால்தான் வேலை செய்யும். அதற்கும் பழைய பதிப்புகளில் இந்த விருப்பமே கிடையாது.

புதிய பதிப்பு என்றதும் அவசரப்படவும் கூடாது. 2025 ஜனவரியில் வெளிவந்த டவ்காட் 2.4, பழைய 2.3-ன் அமைப்புக் கோப்பை அப்படியே ஏற்காது. கோப்பின் தொடக்கத்தில் பதிப்பு எண் எழுதவேண்டும். பல அமைப்புகளின் பெயரும் முறையும் மாறிவிட்டன. தெரியாமல் ஏற்றினால் அஞ்சல் பெட்டியே திறக்காமல் நிற்கும். காபியும் மிளகும் வந்திறங்கும் பருவத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல், வியாபாரம் மந்தமான நாளில், பழைய கோப்புக்கும் மடல்களுக்கும் நகல் எடுத்த பின்னரே செய்யச் சொல்லுங்கள்.

உங்கள் கணிப்பொறிப் பணியாளரிடம் கேட்கவேண்டியவை நான்கு: எந்தப் பதிப்பு ஓடுகிறது? மூன்று பதிவுகளும் உள்ளனவா? டிமார்க் உத்தரவு வெறும் கண்காணிப்பா, தடுப்பா? கடைசியாக நகல் எடுத்தது எப்போது? தடுப்பு உத்தரவை முதல் நாளே போட்டுவிட வேண்டாம். சில வாரம் கண்காணித்து, நம் சொந்த மடல்கள் சரியாகப் போகின்றன என்று கண்ட பிறகு போடலாம். நமக்குச் சரக்கு தரும் தோட்டக்காரர்களையும் இதைச் செய்யச் சொல்லுங்கள். அவர்கள் பெயரைக் காப்பது நம் பணத்தைக் காப்பதாகும்.

இலவச முகவரி வைத்திருக்கும் சிறு வணிகர்களுக்குப் பதிவேட்டு வேலை கிடையாது. அவர்கள் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவைத்தால் போதுமானது.

இத்தனை செய்தும் ஒரு வாசல் திறந்தே இருக்கும். முகவரியில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிப் புதிதாகப் பதிவு செய்தவனின் மடலும், உண்மையான பெட்டியின் கடவுச்சொல்லைத் திருடியவனின் மடலும் இந்தச் சோதனைகளில் தேறிவிடும். ஆகையால் கணக்கு எண் மாற்றம் என்று எது வந்தாலும், அந்த மடலில் உள்ள எண்ணை விட்டு, நம் பழைய பேரேட்டில் உள்ள எண்ணை அழைத்துக் கேட்போம். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதியாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும், நம் வங்கிக்கும் சொல்வோம். நம் உறுப்பினரைக் காத்தது அன்று அவர் செய்த அழைப்பு ஒன்றே. மேலே சொன்ன மூன்று பதிவுகளும் தடுப்பு உத்தரவோடு தோட்டத்தின் பெயரில் இருந்திருந்தால், அந்த மடல் அவர் பெட்டிவரை வராமலே தடுக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு.