மறையாத நீலம்

பிள்ளையின் கை கன்றிப் போயிருந்தால், மலாக்காவின் பாச்சாங் வட்டாரத்துப் பாட்டிகள் முதலில் எண்ணெயைத்தான் எடுப்பார்கள். விழுந்த அடியானால், நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் தானே மறைந்துவிடும். மறையாமல் அதே இடத்தில் நின்றால் அதை இரத்தக்கட்டு என்று விட்டுவிடாதீர்கள். உருவவும் வேண்டாம்.

நம் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்புக்குக் கீழே சாம்பல் நீலப் படலம் இருக்கும். அது தட்டையாக இருக்கும், வளர வளர மங்கும், பயமில்லை. நான் சொல்வது புடைத்த நீலம். பெரும்பாலும் விரலிலும் கையிலும் காலிலும் வரும். அழுத்தினால் அமுங்கும், விட்டால் திரும்ப நிறையும். கூடவே விரல் எலும்பில் கெட்டியான முடிச்சுகள் தட்டுப்படும். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகலாம். சின்னதாக இடறி விழுந்ததற்கே எலும்பு முறியலாம்.

புடைத்த நீலமும் எலும்பு முடிச்சும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருந்தால், அது மாஃபுச்சி நோயாக இருக்கக்கூடும். 1881இல் ஆஞ்செலோ மாஃபுச்சி என்ற இத்தாலிய மருத்துவர் விவரித்தது. மருத்துவ ஏடுகளில் இதுவரை பதிவானவர்கள் சில நூறு பேர்தான். சிலருக்குப் பிறப்பிலேயே தெரியும். பெரும்பாலும் சிறுவயதிலேயே வெளிப்பட்டுவிடும். நீலப் புடைப்பு இல்லாமல் இத்தகைய எலும்பு முடிச்சுகள் மட்டும் பல இருந்தால் அதற்கு ஓலியே நோய் என்று பெயர்.

குழந்தையின் எலும்புகளில் பெரும்பாலானவை முதலில் குருத்தெலும்பாக இருந்து பிறகு இறுகுகின்றன. இந்த நோயில் சில குருத்துத் திட்டுகள் இறுகாமல் எலும்புக்குள்ளேயே தங்கி வளர்கின்றன. ஐடிஹெச்1, ஐடிஹெச்2 என்ற மரபணுக்களில், கரு உருவான பிறகு உடலின் சில செல்களில் மட்டும் நேரும் மாற்றமே பெரும்பாலோருக்குக் காரணம் என்று 2011இல் தெரியவந்தது. பெற்றோரிடமிருந்து வந்ததல்ல. கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி என்று ஒரு தாயைக் குற்றம் சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அவள் எந்தத் தவறும் செய்யவில்லை.

அரசாங்கக் கிளினிக்கில் தடுப்பூசிக்குப் போகும் நாளிலேயே மிஸியிடம், அதாவது தாதியிடம், விரலைக் காட்டுங்கள். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். ஓர் எக்ஸ்ரே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: எலும்புக்குள் குருத்துத் திட்டு, நீலப் புடைப்புக்குள் சிறு கற்கள். முடிச்சுகளில் சில பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடும் என்பதால், பெரியவர்களான பிறகும் பரிசோதனையை விடக்கூடாது. முடிச்சு திடீரென வலித்தாலோ வேகமாக வளர்ந்தாலோ அடுத்த தவணைக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரித் தவணை வரும் வரை மாதம் ஒருமுறை, விரலுக்குப் பக்கத்தில் ஒரு பத்துக் காசை வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று டாக்டர் கேட்கும்போது காட்டலாம்.