வேக வரம்புள்ள விரிசல்

கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியை வெட்டுவதே இல்லை. கட்டரால் மேலாக ஒரு கீறல் போடுவார். மேசை விளிம்பில் வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். மீதி வேலையை விரிசல் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கீறலுக்குக் கணக்குப் போட்டவர், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த ஏ. ஏ. கிரிஃபித். கண்ணாடி தாங்க வேண்டிய பளுவில் சிறு பங்கைக்கூடத் தாங்காமல் உடைவதற்குக் காரணம், அதிலுள்ள நுண்ணிய கீறல்கள்தான் என்று 1921-இல் வெளியான கட்டுரையில் எழுதினார். புதிதாக இழுத்த மிக மெல்லிய கண்ணாடி இழை, தடித்த கண்ணாடிக் கம்பியைப்போல ஏறத்தாழ 20 மடங்கு வலிமை காட்டியது. விரிசல் நீள வேண்டுமென்றால் புதுப் பரப்பு உண்டாக வேண்டும்; அதற்கு ஆற்றல் செலவாகும். விறைப்பாக நிற்கும் பொருள் தளரும்போது விடும் ஆற்றல் அந்தச் செலவுக்குக் கட்டுப்படியானால் விரிசல் ஓடும். நீள நீள வரவு கூடுவதால் ஓட்டமும் கூடும்.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சாதாரணக் கண்ணாடியில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். காற்றில் ஒலி போகும் வேகத்தைப்போல நான்கு மடங்குக்கும் மேல். கோட்பாட்டுப்படி, பொருளின் மேற்பரப்பில் ஓடும் ரேலி அலையின் வேகம்வரை போகலாம். கண்ணாடியில் அது 3,000 மீட்டருக்கு மேல். விரிசலோ பாதி வேகத்திலேயே தடுமாறுகிறது. ஏன்? வேகம் ஏறும்போது, விரிசல் முனைக்கு நேர் முன்னே குவிந்திருந்த இழுவிசை பக்கவாட்டுக்குச் சாய்கிறது என்று 1951-இல் எலிசபெத் யோஃப் கணக்கிட்டுக் காட்டினார். அழகான விளக்கம்தான், ஆனால் அது முழுக் கதையல்ல. 1991-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் அக்ரிலிக் தகடுகளை உடைத்துப் பார்த்தபோது, ரேலி வேகத்தில் மூன்றிலொரு பங்கை ஒட்டியே முனை தள்ளாடத் தொடங்கியது. எப்படியானாலும், மேலும் மேலும் வரும் ஆற்றலை வேகத்தில் செலவழிக்க வழியில்லை. பரப்பில்தான் செலவழித்தாக வேண்டும். விரிசல் கிளை விடுகிறது.

உடைந்த தடித்த கண்ணாடியின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இந்த ஓட்டம் அப்படியே பதிவாகியிருப்பது தெரியும். தொடங்கிய புள்ளியைச் சுற்றி வழுவழுப்பான பளபளப்பு, அடுத்து மங்கலான ஒரு பட்டை, பிறகு விசிறியாக விரியும் சொரசொரப்பு, அதற்கப்பால் கிளை. பளபளப்பின் ஆரம் சிறியதாக இருந்தால், உடைத்த விசை பெரியது. விபத்தை ஆராய்பவர்கள் அந்த ஆரத்தை அளந்தே விசையைக் கணக்கிட்டுவிடுவார்கள்.

எவ்வளவு கிளை விடும் என்பது அடைபட்டிருக்கும் ஆற்றலைப் பொறுத்தது. காரின் பக்கவாட்டுக் கதவில் பெரும்பாலும் இருப்பது டஃபன்ட் கண்ணாடி. சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிர்விப்பதால் அதன் மேல்பகுதி அமுங்கியும் உள்பகுதி இழுபட்டும் நிற்கும். மேல்பகுதி இறுகியிருப்பதால் சிறு கீறல் உள்ளே இறங்காது. ஒன்று இறங்கிவிட்டாலோ, அடைபட்டிருந்த ஆற்றல் முழுவதும் ஒரே சமயத்தில் வெளிப்பட்டு, கிளைமேல் கிளையாகப் பிரிந்து, கண்ணாடி மொத்தமும் கற்கண்டாகக் கொட்டும். மாறாக, வெயிலில் மெதுவாகச் சூடேறி வெடிக்கும் ஜன்னல் கண்ணாடியில் பெரும்பாலும் ஒற்றைக் கோடுதான் வளைந்து வளைந்து போகும்.