ஈரம் காயாத முதுகு

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தியை எழுதி வைத்தார். ஹோர்முஸ், ஏடன் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கப்பலில் வந்து இறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஓராண்டு தாண்டவில்லையாம். அவற்றைப் பேணவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இல்லாததே காரணம் என்றார் அவர். பொன்னைக் கொட்டி வாங்கிய உயிர்கள்!

அந்தப் பராமரிப்பு அறிவு இன்றும் தேவை. குதிரை வண்டியான ஜட்கா ஓய்ந்துவிட்டாலும், பந்தயத்துக்காகவும் ஆசைக்காகவும் குதிரை வளர்ப்பவர்கள் மதுரை வட்டாரத்தில் இன்றும் உண்டு. சமயநல்லூர்ப் பக்கம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது குதிரையின் முதுகை. அங்கே பொருக்குப் பொருக்காகத் தட்டுப்படும். ஒன்றைப் பெயர்த்தால் பிரஷ் முனைபோல முடிக்கற்றையும் சேர்ந்து வரும். அடியில் சீழ் கசியும். டெர்மடோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வேலை இது. 1915இல் காங்கோவில் மாடுகளிடம் முதன்முதலில் கண்டறியப்பட்டது. தோலில் ஈரம் ஊறும்போது இதன் வித்துகள் நீந்தத் தொடங்கும். ஈ, உண்ணி கடித்த புண் வழியே உள்ளே இறங்கும்.

ஆகவே முதல் மருந்து, காய்ந்த தரையும் ஒழுகாத கூரையும்தான். பொருக்கைக் காய்ந்தபடியே பிய்க்கக் கூடாது, குதிரைக்கு உயிர்போகும் வலி. குளோர்ஹெக்சிடின் கலந்த கரைசலில் ஊறவைத்துப் பத்து நிமிடம் கழித்து மெல்ல நீக்கி, அலசி, நன்றாகத் துவட்ட வேண்டும். உதிர்ந்த பொருக்கில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். லாயத்தில் விடாமல் எரித்துவிடுங்கள். புண்ணின் மேல் எண்ணெயை அப்புவது ஈரத்தை உள்ளேயே பூட்டிவைப்பதாகும். முற்றிய நிலையில் பென்சிலின் தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

சேணம் படும் இடத்தில் வட்டவட்டமாக முடி கொட்டினால் அது பெரும்பாலும் படர்தாமரை, பூஞ்சை நோய். ஒரே பிரஷ்ஷையும் சேணத்தையும் எல்லாக் குதிரைக்கும் போடுவதால் பரவுகிறது. தேய்த்துவிடும் பிள்ளைகளின் கைக்கும் ஏறும். அறிகுறி தெரிய ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும். ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் வாங்கிவரும் குதிரையை ஒரு மாதமாவது தனியே கட்டுவது நல்லது.

இன்னொன்றை மட்டும் தோல் நோய் என்று எண்ணி அசட்டையாக இருந்துவிடாதீர்கள். காலின் உட்புறம் முடிச்சு முடிச்சாக வரிசையாய்க் கட்டிகள் எழும்பி, உடைந்து தேன்நிறச் சீழ் வடிந்தால் அது கிளாண்டர்ஸாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றிக் கொல்லக்கூடியது. 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். வெறுங்கையால் தொடாமல், குதிரையைத் தனியே கட்டிவிட்டு, அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.