காரம் உணர்த்தும் காவல் கதவு

நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து, சம்பலைச் சற்று அதிகமாகத் தொட்டு உண்டவருக்கு நாக்கு எரிகிறது. கண்களில் நீர் வடிகிறது. நெற்றியில் வியர்வை அரும்புகிறது. அந்நேரத்தில் வாயில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் வெப்பநிலை உயர்ந்திருக்காது. சம்பல் ஆறிப்போயும் இருக்கலாம். அப்படியிருந்தும், ‘சுடுகிறது’ என்று உடல் ஏன் பதறுகிறது?

தமிழர் காரத்தை அறுசுவையுள் ஒன்றாகக் கூறுவர். ஆயினும், அறிவியல் நோக்கில் காரம் என்பது சுவையன்று. வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்புகள் மூளைக்கு அனுப்பும் செய்தியாகும். அந்நரம்புகளின் மேற்பரப்பில் புரதத்தால் ஆன மிக நுண்ணிய வாயில்கள் உள்ளன. கால்சியம், சோடியம் போன்ற மின்னூட்டம் பெற்ற துகள்கள், அதாவது அயனிகள், இவற்றின் வழியே உயிரணுவுக்குள் நுழைகின்றன. எனவே, இவை அயனி வழித்தடங்கள் எனப்படுகின்றன. அவற்றுள் ஒன்றன் பெயர் டி.ஆர்.பி.வி.1.

இந்த வாயில் பெரும்பாலான நேரம் மூடியே இருக்கும். ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் பட்டால் அது திறக்கும். மிளகாயில் உள்ள கேப்சைசின் என்னும் பொருள் அதனுடன் ஒட்டிக்கொண்டாலும் திறக்கும். உயிரணுவுக்கு வெளியே உள்ள கால்சியத்தின் அளவு, உள்ளே இருப்பதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு அதிகம். ஆகவே, வாயில் திறந்தவுடன் கால்சியம் உள்ளே பாய்கிறது; நரம்பு தூண்டப்படுகிறது. வாயிலைத் திறந்தது வெந்நீரா மிளகாயா என்று மூளையால் பிரித்தறிய இயலுவதில்லை. எனவேதான், காரம் ‘சுடுகிறது’. கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால், தண்ணீரைவிடப் பால் குடிப்பதே எரிச்சலைத் தணிக்க உதவும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த டேவிட் ஜூலியஸ் என்னும் அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் 1997ஆம் ஆண்டில் இந்த வாயிலைக் கண்டறிந்தனர். வலியுணரும் நரம்புகளில் செயல்படும் மரபணுக்களைச் சேகரித்து, காரத்தை உணராத வேறு உயிரணுக்களுக்குள் அவற்றைச் செலுத்தினர். பின்னர், அவ்வுயிரணுக்களின் மீது கேப்சைசினை இட்டனர். கால்சியம் உள்ளே நுழைந்தால் ஒளிரும் சாயத்தையும் பயன்படுத்தினர். எந்த மரபணுவைப் பெற்ற உயிரணு ஒளிர்ந்ததோ, அதுவே அவர்கள் தேடிய மரபணு. இந்தக் கண்டுபிடிப்புக்காக, 2021ஆம் ஆண்டின் மருத்துவத்திற்கான நோபல் பரிசை ஜூலியஸ் பெற்றார். தொடுதலை உணரும் வாயில்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன் அப்பரிசை அவருடன் பகிர்ந்துகொண்டார்.

இவ்வாயில் திறந்தபடியே இருந்தால் நரம்புக்குக் கேடு விளையும். எனவே, உடல் அதனைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே பாயும் கால்சியமே அதற்கும் துணைபுரிகிறது. உயிரணுவில் உள்ள கால்மோடுலின் என்னும் புரதம் கால்சியத்துடன் இணைந்து, வாயிலின் செயலைத் தணிக்கிறது. தொடர்ந்து காரம் உண்பவர்களுக்கு எரிச்சல் குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இதற்கு நேர்மாறான கட்டுப்பாடும் உண்டு. தோலில் காயமோ வீக்கமோ ஏற்பட்டால், அங்குச் சுரக்கும் வேதிப்பொருள்கள் இவ்வாயிலை எளிதில் திறக்கும்படி மாற்றிவிடுகின்றன. அதனால்தான், வெயிலில் வெந்த தோலில் வெதுவெதுப்பான நீர் பட்டாலும் சுரீர் என்று எரிகிறது. இது துன்பம் தருவதாயினும் பயனற்றதன்று. காயம்பட்ட இடத்தை மேலும் வருத்தாமல் பாதுகாக்க இந்த வலி நம்மைத் தூண்டுகிறது.

சில வேளைகளில், காயம் ஆறிய பின்னும் வலி நீங்குவதில்லை. அக்கி குணமான பிறகும் சிலருக்கு நரம்புவலி மாதக்கணக்கில் நீடிக்கும். நீரிழிவு நோயாளிகள் சிலருக்குப் பாதம் ஓயாமல் எரியும். இத்தகையோருக்கு, 8 விழுக்காடு கேப்சைசின் கொண்ட ஒட்டுப்பட்டையை மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். மிகுதியான கேப்சைசின் பட்டதும் அவ்விடத்து நரம்பு முனைகள் சில காலம் செயலிழக்கின்றன, வலியும் தணிகிறது. இது மருத்துவரின் மேற்பார்வையில் செய்யப்படும் சிகிச்சை. வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசினால் தோல் புண்ணாகும்.

அப்படியானால், மருந்தைக் கொண்டு இவ்வாயிலை முழுமையாக அடைத்துவிடலாமே என்று தோன்றலாம். மருந்து நிறுவனங்கள் அதற்கும் முயன்றன. ஆனால், அத்தகைய மருந்தை உட்கொண்ட தன்னார்வலர்கள் சிலரின் உடல் வெப்பநிலை 39 பாகை செல்சியசைத் தாண்டியது. வேறு சில ஆய்வுகளில், மருந்து உட்கொண்டவர்களால் தீங்கு விளைவிக்கும் சூட்டைச் சரியாக உணர இயலவில்லை. கொதிக்கும் தேநீரை வாயில் வைத்தும் சூடு தெரியாவிட்டால் நாக்கு வெந்துபோகும் அல்லவா? வலியைப் போக்க வந்த மருந்து, உடலின் காவலையும் சேர்த்தே அகற்றிவிட்டது.

காவலாளி ஓயாமல் கூச்சலிட்டால் வீட்டார் உறங்க முடியாது. காவலாளியே உறங்கிவிட்டால் வீட்டுக்குப் பாதுகாப்பில்லை. உடல்நலத்திற்கு இவ்வாயில் திறக்கவும் வேண்டும். உரிய நேரத்தில் மூடவும் வேண்டும். வெப்பத்தை உணரும் திறனைக் காத்துக்கொண்டு, தேவையற்ற வலியை மட்டும் தணிக்கும் மருந்தை உருவாக்குவதே இன்று ஆய்வாளர்களின் முன்னுள்ள பணியாகும்.