ஜவ்வரிசி வெள்ளை, பின்னணி எந்த நிறம்?

புதுச்சத்திரம், ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் காடு பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஜவ்வரிசியின் தரம் தெரியும். ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தாலே சொல்லிவிடுவார்கள். ஆன்லைனில் வாங்குபவருக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் போடும் படம்தான் அவருக்குக் கைப்பிடி. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி படமும் இருக்க வேண்டாமா? செலவு அதிகமில்லை, உங்கள் செல்போனும் சரியான பின்னணியும் போதும்.

வெள்ளை மேல் வெள்ளை வைத்தால்?

வெள்ளைத் தாளில் ஜவ்வரிசியைக் கொட்டினால் மணிகளின் ஓரம் தெரியாது. அதோடு, செல்போன் கேமரா எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். முழுக்க வெள்ளையாக இருந்தால் மங்கலாக்கிவிடும். புதுச் சரக்கும் பழசு மாதிரி தெரியும். கன்னங்கரேல் துணியில் வைத்தால் நேர்மாறு: வெளிச்சத்தைக் கூட்டி, மணிகளை வெறும் வெள்ளைத் திட்டாக்கிவிடும்.

நடுத்தரச் சாம்பல் நிற சார்ட் அட்டை அல்லது பாலீஷ் போடாத கடப்பாக் கல் நல்லது. திரையில் ஜவ்வரிசி மேல் விரலால் தொட்டு, சூரியன் போன்ற குறியை மெல்லக் கீழே இழுங்கள். மணி மணியாகத் தெரியும்போது நிறுத்துங்கள்.

சில விற்பனைத் தளங்கள் முதல் படத்துக்கு வெள்ளைப் பின்னணி கேட்கும். அப்போது ஜவ்வரிசியை அடர் நிறக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தை வெள்ளை அட்டையில் வையுங்கள்.

மற்ற பொருட்களுக்கு

• வெல்லம், நாட்டுச் சர்க்கரை: வெளிர் நிறத் துணி அல்லது அட்டை. மரப் பலகையில் வைத்தால் நிறத்தோடு நிறம் கலந்துவிடும்.
• வெள்ளை முட்டை: சாம்பல் அல்லது வைக்கோல் நிறம்.
• பாட்டில் தேன், நெய்: வெள்ளை அட்டை, வெளிச்சம் பின்பக்கமிருந்து வரணும்.
• வடகம், அப்பளம்: வாழை இலை, மூங்கில் முறம். செய்தித்தாள் மட்டும் வேண்டாம். அச்சு மை உணவில் படக்கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறையே எச்சரித்திருக்கிறது.

தரையின் நிறம் ஒட்டும்

சிவப்பு சிமென்ட் தரை, பச்சைச் சுவர் பக்கத்தில் எடுத்தால் அந்த நிறம் வெள்ளைப் பொருளில் லேசாகப் படியும். பளபளக்கும் ஃப்ளெக்ஸ் பேனரும் ஆகாது.

காலை நேரத் திண்ணை அல்லது நேர்வெயில் படாத ஜன்னல் ஓரம் போதும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். அட்டையைச் சுவரில் சாய்த்து, மடிக்காமல் வளைத்துக் கீழே விரித்தால் மூலைக் கோடு தெரியாது. நிழல் விழும் பக்கம் ஒரு தெர்மாகோல் துண்டு வையுங்கள்; நிழல் குறையும்.

படமும் சட்டமும்

நுகர்வோர் பாதுகாப்பு (மின்-வணிகம்) விதிகள், 2020-ன்படி, விற்பவரின் விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்துப்போக வேண்டும். ஃபில்டர் போட்டு ஜவ்வரிசியைக் கூடுதல் வெள்ளையாக்காதீர்கள். வாங்குபவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். இரண்டாவது படத்தில் லேபிள் தெளிவாகத் தெரியட்டும்: நிகர எடை, எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் முகவரி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்.

பதிவேற்றும் முன் போனைப் பொருளின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். கையில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒண்ணா தெரியுதா? அப்போ தாராளமா அப்லோட் பண்ணுங்க.