சாரலைத் தடுங்கள், காற்றைத் தடுக்காதீர்கள்!

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம். ஓட்டு வீடு. வாசல் திண்ணையைச் சுற்றி மரச்சட்டம் போட்டுக் கொசுவுக்காகக் கம்பிவலை அடித்திருக்கிறோம். 76 வயதாகும் என் மாமியாருக்கு வருஷம் பூராவும் அங்கேதான் கட்டில். "உள்ளே படுத்தா மூச்சு முட்டுதுத்தா" என்பார். அவருக்கு இளைப்பு உண்டு. அதனால் ஐப்பசி பிறந்தாலே எனக்குக் கவலையும் பிறந்துவிடும். வலை கொசுவைத்தான் நிறுத்தும். சாரலையும் பனியையும் நிறுத்துமா?

மூன்று வருஷத்துக்கு முன் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன். கார்த்திகை அடைமழை. திண்ணையின் திறந்த பக்கங்களை எல்லாம் பிளாஸ்டிக் படுதாவால் இடுக்கில்லாமல் இறுக்கிக் கட்டினேன். போதாததற்கு, குளிருக்கு இதமாக இருக்கட்டுமே என்று குமுட்டி அடுப்பில் கரித் தணல் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவள் சும்மா எட்டிப் பார்த்தேன். "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டால் பதிலே இல்லை. உலுக்கியதும், "தலை சுத்துதுத்தா" என்று குழறினார். ஒரே வாந்தி. நானும் என் கணவருமாக வாசலுக்குத் தூக்கி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா என்னைக் கடிந்துகொண்டார். அடைத்த இடத்தில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகுமாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். தூங்குகிறவருக்குத் தெரியாமலே உயிர் போய்விடும். "புகைதான் இல்லையே என்று நம்பாதீங்கம்மா" என்றார்.

சகோதரிகளே, அதற்குப் பிறகு நான் செய்கிற ஏற்பாடு இதுதான்.

புரட்டாசியிலேயே உடைந்த ஓடுகளை மாற்றிவிடுவோம். வலையைச் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, ஓட்டை இருந்தால் துண்டு வலை வைத்து நைலான் நூலால் தைத்துவிடுவேன்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. எங்கள் திண்ணையில் சாரல் அடிப்பது வடக்கிலும் கிழக்கிலும்தான். அந்த இரண்டு பக்கம் மட்டுமே அடைப்பு. முன்பெல்லாம் எங்கள் தோப்புத் தென்னங்கீற்றில் தட்டி கட்டுவோம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் மரங்களைச் சாய்த்த பிறகு படுதாதான். அடியில் மூங்கில் கழி கோத்து, சுருட்டி ஏற்றும்படி தைத்திருக்கிறேன். மேலே, ஓட்டுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி கட்டாயம். மற்றப் பக்கத்தில் வெறும் வலைதான். மழை விட்டால் படுதாவைச் சுருட்டி வெயில் விழ விடுவேன்.

படுதா மடிப்பில் தண்ணீர் தேங்க விடக்கூடாது. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறையாவது உதறிக் காயவைக்க வேண்டும். இளைப்புக்காரர் பக்கத்தில் கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம்.

குளிர் கட்டிலுக்கு அடியிலிருந்தும் ஏறும். கயிற்றுக் கட்டிலில் முதலில் சாக்கு, அதன்மேல் ஜமுக்காளம், அப்புறம் மெத்தை. காதுக்கு மப்ளர், காலுக்குச் சாக்ஸ். ரொம்பக் குளிரினால் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைப்பேன். நெருப்பு மட்டும் கிடையவே கிடையாது. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் அத்தையின் பிடிவாதம் செல்லாது. கட்டில் கூடத்துக்கு வந்துவிடும்.

போன ஐப்பசியில் நான் படுதா கட்டிக்கொண்டிருந்தேன். கட்டிலில் இருந்தபடியே அத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "மேலே ஒரு சாண் விட்டியாத்தா?"