உயர்ந்த கடற்கரைப் படிமேடைகளும் பழைய கடல் மட்டமும்

உயர்ந்த கடற்கரைப் படிமேடை என்பது, முன்பு கடல் மட்டத்தை ஒட்டி உருவாகி, பின்னர் நிலம் உயர்ந்ததாலோ கடல் தாழ்ந்ததாலோ இன்று அலைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் தட்டையான நிலப்பகுதி ஆகும். பண்டைய கடல் மட்டங்களைக் கணக்கிட இவை முதன்மையான சான்றுகளாகும்.

தோற்றம்

அலைகள் கடல் ஓங்கலின் அடிப்பகுதியை அரித்து அலை அரிமேடையை உருவாக்குகின்றன. வெப்பமண்டலக் கடல்களில் பவளப்பாறைகளும் இத்தகைய மேடைகளை அமைக்கின்றன. பவளங்கள் தாழ் ஓத மட்டத்துக்கு மேல் வளர இயலாது. எனவே கரையில் வளர்ந்த நிலையிலேயே காணப்படும் இறந்த பவளம், கடல் ஒரு காலத்தில் அதன் மேல் இருந்ததைக் காட்டுகிறது.

நிலம் தொடர்ந்து உயரும் இடங்களில், கடல் மட்டம் உயர்ந்து நிற்கும் ஒவ்வொரு காலத்திலும் ஒரு மேடை உருவாகிறது. இதனால் படிக்கட்டு போன்ற அமைப்பு ஏற்படுகிறது. பப்புவா நியூ கினியின் ஹுவோன் தீபகற்பம், கரீபியப் பகுதியின் பார்படோசு ஆகியவை புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள்.

கணக்கிடும் முறை

மேடையின் இன்றைய உயரமும் வயதும் முதலில் அளக்கப்படுகின்றன. சுமார் 50,000 ஆண்டுகள் வரையிலான பவளங்களுக்குக் கார்பன்-14 முறையும், அதைவிடப் பழையவற்றுக்கு யுரேனியம்–தோரியம் முறையும் பயன்படுகின்றன. பின்னர்,

பழைய கடல் மட்டம் = இன்றைய உயரம் − (உயர்வு வீதம் × வயது)

உயர்வு வீதத்தை அறிய, ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகளுக்கு முந்தைய மேடை உதவுகிறது. அப்போது கடல் இன்றைவிடச் சுமார் 6 முதல் 9 மீட்டர் உயர்ந்திருந்தது என்பது, நிலம் பெரிதும் அசையாத கரைகளிலிருந்து பெறப்பட்ட மதிப்பீடு.

கற்பனை எடுத்துக்காட்டாக, அந்த மேடை இன்று 56 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அக்காலக் கடல் மட்டத்தை 6 மீட்டர் என எடுத்தால், நிலம் உயர்ந்தது 50 மீட்டர். அதாவது 1,000 ஆண்டுகளுக்கு 0.4 மீட்டர். அதன் கீழே 20 மீட்டர் உயரத்தில் உள்ள 80,000 ஆண்டு மேடை 32 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். எனவே அது உருவானபோது கடல் இன்றைவிட 12 மீட்டர் தாழ்ந்திருந்தது. 6-க்குப் பதில் 9 மீட்டர் என எடுத்தால், விடை சுமார் 10 மீட்டராக மாறும். நிலம் சீரான வேகத்தில் உயர்ந்தது என்பதும் இக்கணக்கின் எடுகோளே.

இந்தியாவில்

நிலம் சீராக மட்டுமன்றித் திடீரெனவும் உயரும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் அந்தமானின் வடமேற்குப் பகுதி ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, பவளத்திட்டுகள் நீருக்கு வெளியே வந்து மடிந்தன. அதே நிலநடுக்கத்தில் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது.

தமிழ்நாட்டில் பாம்பன், இராமேசுவரம் பகுதிகளில் உயர்ந்த பவளப்பாறைகள் உள்ளன. டேவிட் ஸ்டாடார்ட், கோபிநாத பிள்ளை ஆகியோர் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், இங்குள்ள பவளத்தின் வயது ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் எனக் கார்பன் முறையில் கண்டறியப்பட்டது. இதைக்கொண்டு நிலம் உயர்ந்தது என உடனே முடிவு செய்ய இயலாது. அக்காலத்தை ஒட்டி இந்தியப் பெருங்கடலின் பல கரைகளில் கடலே இன்றைவிடச் சற்று உயர்ந்திருந்ததற்குச் சான்றுகள் உண்டு.

முக்கியத்துவம்

1,25,000 ஆண்டுகளுக்கு முன் புவி இன்றைய அளவு அல்லது அதைவிடச் சற்றே வெப்பமாக இருந்தபோது, துருவப் பனி உருகிக் கடல் பல மீட்டர் உயர்ந்தது. வரும் நூற்றாண்டுகளில் தாழ்வான கடற்கரைகள் எதிர்கொள்ளக்கூடிய கடல் மட்ட உயர்வை மதிப்பிட, இம்மேடைகளின் அளவீடுகள் அடிப்படையாகின்றன.